‘அனுப்ப அனுமதி இல்லை’ – மெயில் சர்வர் கேட்கும் நான்கு கேள்விகள்



மலர்க் குழுவினர் என்னிடம், “ஏதாவது எழுதிக் குடு, கவிதைன்னாலும் சரி” என்று கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. ஆனால் தொழிற்பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு தப்பு செய்தேன். அந்தத் தப்பினால் ஒரு பாடத்தை முழுசாகக் கற்றுக்கொண்டேன். அதை எழுதி வைத்தால் அடுத்து பயிற்சிக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு உதவும் என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முன்னுரை

நான் செக்கானூரணிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வருகிறேன். அப்பா கட்டட வேலைக்குப் போகிறார். அம்மா வீட்டிலிருந்து பூக்கட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். கம்ப்யூட்டர் டிப்ளமோ என்றதும் ஊரில் பாதிப் பேர், “செல்போன் ரிப்பேர் பாப்பியா?” என்று கேட்டார்கள்.

பயிற்சிக்குக் கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் இடம் கிடைத்தது. அங்கே கம்ப்யூட்டர் வேலை முழுவதையும் ஒரே ஒரு அண்ணன் பார்த்துக்கொண்டார். வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வர் ஒன்றில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, கம்பெனிக்குச் சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருந்தார். பேக்கப் எடுக்கப் பழகு என்று சொல்லி எனக்கும் அதன் ரூட் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தார்.

ஒரு முகூர்த்த நாளில் அண்ணன் திருப்பரங்குன்றத்துக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அன்று பார்த்து அக்கவுண்ட்ஸ் அக்கா ஓடி வந்தார். “பாப்பா, மெயில் போக மாட்டேங்குது. கோயம்புத்தூர் பார்ட்டிக்கு மூணு மணிக்குள்ள கொட்டேஷன் போகணும். என்னன்னு பாரு.”

திரையில் 553 என்ற எண்ணும், ‘சென்டர் அட்ரஸ் ரிஜெக்டட், நாட் ஓன்ட் பை யூசர்’ என்ற வரியும் இருந்தன. அண்ணனுக்கு நாலு தடவை போன் போட்டேன். மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. அந்த மூணு மணிக்குள் நான் என்ன செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பாடத்தைப் பார்ப்போம்.

மெயில் எப்படிப் போகிறது?

வேறு வேறு கம்ப்யூட்டர்களுக்கு இடையே வலையமைப்பு வழியாக மெயில் அனுப்பி, அதற்கு ‘அட்’ குறியைப் பயன்படுத்தியவர் ரே டாம்லின்சன். ஆண்டு 1971. மெயிலை ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் ஒப்படைக்கும் விதிமுறைக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். ஜான் போஸ்டல் எழுதி 1982 ஆகஸ்டில் வெளிவந்த ஆவணத்தில் உள்ள அதன் அடிப்படைதான் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது.

அது இரண்டு பேர் பேசிக்கொள்வது போன்றதுதான். அனுப்புகிற பக்கம் முதலில் வணக்கம் சொல்லித் தன் பெயரைச் சொல்லும். அடுத்து ‘மெயில் ஃப்ரம்’ என்று அனுப்புநர் முகவரியையும், ‘ஆர்.சி.பி.டி. டூ’ என்று பெறுநர் முகவரியையும் சொல்லும். கடைசியில் ‘டேட்டா’ என்று சொல்லிக் கடிதத்தைக் கொடுக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிர்ப்பக்கம் மூன்று இலக்க எண் ஒன்றைப் பதிலாகச் சொல்லும்.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தபாலில் கவர் வேறு, உள்ளே இருக்கும் கடிதம் வேறு. மெயிலும் அப்படியே. ‘மெயில் ஃப்ரம்’ என்பது கவரின் மேல் எழுதும் முகவரி. நாம் மெயிலைத் திறந்தால் தெரியும் அனுப்புநர் பெயர் கடிதத்துக்குள் இருப்பது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று 1982ஆம் ஆண்டு விதி கட்டாயப்படுத்தவில்லை. யார் பெயரில் வேண்டுமானாலும் யாரும் கடிதம் எழுதலாம் என்ற நிலைதான் அப்போது இருந்தது.

அனுமதி கேட்கும் வழக்கம் எப்படி வந்தது?

அன்று வலையமைப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகம், ஆராய்ச்சிக் கூடம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள். ஒரு சர்வர், முன்பின் தெரியாத ஆளின் மெயிலையும் வாங்கி அடுத்த ஊருக்கு அனுப்பி வைக்கும். இதற்கு ‘ஓப்பன் ரிலே’ என்று பெயர். நம்ம ஊர்ப் பஸ்ஸில் தெரியாத ஆளிடம், “அண்ணே, இந்தப் பையை அங்கிட்டு இறக்கி விட்ருங்க” என்று கொடுத்து விடுவோம் அல்லவா, அந்த மாதிரி.

நல்ல பழக்கம்தான். ஆனால் பைக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 1978 மே 3ஆம் தேதி கேரி துர்க் என்பவர் தன் கம்பெனியின் கம்ப்யூட்டர் விற்பனைக்காகச் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். முதல் ஸ்பேம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்கத் தொடங்கியது. அதே பத்தாண்டுகளில் ஸ்பேம் அனுப்புவோர் உலகம் முழுவதும் இருந்த ஓப்பன் ரிலே சர்வர்களைத் தேடித் தேடிப் பயன்படுத்தினார்கள். அதனால்தான் யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்டுவிட்டு மெயிலை வாங்கும் முறை 1999 மார்ச்சில் எஸ்.எம்.டி.பி.யில் முறைப்படி சேர்க்கப்பட்டது.

ஆகவே, ‘அனுமதி இல்லை’ என்று சர்வர் சொல்வது கோளாறு அல்ல. அது தன் வேலையைச் செய்கிறது என்றே பொருள். எந்தக் கேள்விக்கு நாம் சரியான பதில் சொல்லவில்லை என்பதைக் கண்டுபிடிப்பதே நம் வேலை.

எண்ணைப் படிக்கும் முறை

2இல் தொடங்கும் எண் வந்தால் சரி என்று பொருள். 4இல் தொடங்கினால் இப்போது முடியாது, பிறகு வா என்று பொருள். சர்வர் தானே மறுபடி முயற்சி செய்யும். 5இல் தொடங்கினால் முடியவே முடியாது என்று பொருள். நாம் எதையாவது மாற்றாமல் திரும்பத் திரும்ப அனுப்புவதில் பயனில்லை.

அதற்குப் பின்னால் 5.1.1 போல மூன்று பகுதி உள்ள இன்னொரு எண் இருக்கும். 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரி இல்லை. 5.2.2 என்றால் பெட்டி நிறைந்துவிட்டது. நடு எண் 7 என்றால் அது பாதுகாப்பு, அனுமதி சம்பந்தப்பட்ட விஷயம். நம் பாடம் முழுவதும் இந்த 7ஆம் எண்ணைப் பற்றியதுதான். அனுமதிப் பிழைகளை நான்கு கேள்விகளாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இருக்காது.

முதல் கேள்வி: நீ யார்?

பிழை 535, 5.7.8. யூசர்நேம் அல்லது பாஸ்வேர்டு பொருந்தவில்லை என்று அர்த்தம். பாஸ்வேர்டை மாற்றியவர் கம்ப்யூட்டரில் மட்டும் மாற்றிவிட்டு, போனிலும் பில் போடும் மென்பொருளிலும் பழையதையே விட்டிருப்பார். இன்னொரு காரணமும் உண்டு. 2022 மே 30 முதல் கூகுள், வெறும் யூசர்நேம் பாஸ்வேர்டை மட்டும் கொடுக்கும் பழைய மென்பொருள்கள் தனிநபர் ஜிமெயில் கணக்குக்குள் நுழைவதை நிறுத்தியது. அதற்குப் பின் ‘ஆப் பாஸ்வேர்டு’ என்று தனியாக ஒன்றை உருவாக்கிக் கொடுக்க வேண்டும், அல்லது மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். நேற்று வரை போனது இன்று போகவில்லை என்றால், இடையில் மாறியது எது என்று முதலில் கேளுங்கள்.

இரண்டாம் கேள்வி: நீ எங்க ஆளா?

பிழை 554, 5.7.1, ‘ரிலே ஆக்சஸ் டினைட்’. வெளியூர் முகவரிக்கு மெயில் அனுப்பச் சொல்கிறாய், ஆனால் நீ உள்ளே நுழைந்த ஆள் இல்லையே என்கிறது சர்வர். ஆபீஸில் இருந்தால் மெயில் போகும், வீட்டிலிருந்து அனுப்பினால் போகாது என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இதுதான். ஆபீஸின் ஐ.பி. எண் சர்வரின் நம்பிக்கைப் பட்டியலில் இருக்கும், வீட்டின் ஐ.பி. இருக்காது. மெயில் மென்பொருளின் அமைப்பில், ‘அனுப்பும் சர்வருக்கும் பாஸ்வேர்டு தேவை’ என்ற இடத்தில் டிக் செய்யாமல் விட்டிருப்பார்கள். அதை டிக் செய்து, போர்ட் எண் 25 என்று இருந்தால் 587 அல்லது 465 ஆக மாற்ற வேண்டும். 25 என்பது சர்வரும் சர்வரும் பேசும் வாசல். நம் போன்ற யூசர்களுக்கு மற்ற இரண்டும்தான்.

மூன்றாம் கேள்வி: யார் பெயரில் பேசுகிறாய்?

பிழை 553, 5.7.1. அக்காவுக்கு வந்தது இதுதான். நீ யார் என்று எனக்குத் தெரியும், உன் பாஸ்வேர்டும் சரி, ஆனால் நீ போட்டிருக்கும் அனுப்புநர் முகவரி உன்னுடையது இல்லையே என்கிறது சர்வர். கொட்டேஷன் எல்லாம் இனிமேல் ‘சேல்ஸ்’ முகவரியிலிருந்துதான் போக வேண்டும் என்று முதலாளி அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். அக்கா தன் சொந்த லாகினில் நுழைந்து, அனுப்புநர் இடத்தில் மட்டும் ‘சேல்ஸ்’ என்று மாற்றியிருந்தார்.

இந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் என்ன ஆகும்? கம்பெனியில் பாஸ்வேர்டு உள்ள எவரும் முதலாளி பெயரில், “பேங்க் கணக்கு மாறிவிட்டது, பணத்தைப் புதுக் கணக்கில் போடவும்” என்று வாடிக்கையாளருக்கு எழுதலாம். ஒருவரின் பாஸ்வேர்டு திருடு போனாலும் இதே கதைதான். உலகம் முழுவதும் இப்படி மோசடிகள் நடக்கின்றன.

போஸ்ட்ஃபிக்ஸில் எந்த முகவரியை எந்த லாகின் பயன்படுத்தலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் ‘சேல்ஸ்’ முகவரிக்கு நேராக அக்காவின் லாகினைச் சேர்த்து, ‘போஸ்ட்மேப்’ கட்டளை கொடுத்து, சர்வரை ரீலோடு செய்ய வேண்டும். ஒரே ஒரு வரிதான்.

மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் உள்ள கம்பெனியில், இந்தப் பெயரில் அனுப்ப அனுமதி இல்லை என்று 550, 5.7.60 வரும். அங்கே இரண்டு வகை அனுமதி உண்டு. ‘சென்ட் ஆஸ்’ கொடுத்தால் மெயில் அந்த முகவரியே அனுப்பியது போலத் தெரியும். ‘சென்ட் ஆன் பிஹாஃப்’ கொடுத்தால் இன்னார் சார்பாக இன்னார் என்று இரண்டு பெயரும் தெரியும். எது வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கொடுத்த அனுமதி அமலுக்கு வரச் சற்று நேரம் ஆகலாம். அதற்குள் பதறி வேறு எதையும் மாற்றக் கூடாது.

நான்காம் கேள்வி: உன் வீட்டுக்காரர் உன்னை அனுப்பினாரா?

இது நம் சர்வர் கேட்பதல்ல. மெயிலை வாங்கும் வெளி சர்வர் கேட்பது. ஜிமெயிலிடமிருந்து 550, 5.7.26 என்று வரும். இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வருக்கு உரிமை உண்டா என்பதே கேள்வி. பதிலை டி.என்.எஸ். பதிவில் மூன்று விதமாக எழுதி வைக்க வேண்டும்.

எஸ்.பி.எஃப். என்பது எங்கள் மெயிலை இந்த ஐ.பி.க்கள் மட்டும் அனுப்பும் என்ற பட்டியல். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் தப்பு. டி.கே.ஐ.எம். என்பது ஒவ்வொரு மெயிலிலும் சர்வர் போடும் ரகசியக் கையெழுத்து. டிமார்க் என்பது கவர் மேல் உள்ள டொமைனோ கையெழுத்தின் டொமைனோ, கடிதத்துக்குள் இருக்கும் அனுப்புநரின் டொமைனோடு பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற உத்தரவு. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்பும் எல்லோருக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும், நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றும் வேண்டும் என்று கூகுள் விதி கொண்டு வந்தது.

நான் செய்த தப்பு

இப்போது அந்த மூணு மணிக்கு வருகிறேன். மேலே சொன்ன எதுவும் அன்று எனக்குத் தெரியாது. இன்டர்நெட்டில் தேடினேன். நம்பிக்கைப் பட்டியலில் ஐ.பி.யைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று எங்கோ போட்டிருந்தது. எந்த ஐ.பி. என்று தெரியாததால் 0.0.0.0/0 என்று எழுதினேன். உலகத்தில் உள்ள எல்லா ஐ.பி.யும் எங்க ஆள்தான் என்று அதற்கு அர்த்தம். நம்பிக்கைப் பட்டியலில் இருப்பவரிடம் வேறு எந்தக் கேள்வியும் கேட்க வேண்டாம் என்று அந்த சர்வரில் எழுதியிருந்ததால், அக்காவின் மெயில் உடனே போய்விட்டது. மணி 2.40. அக்கா எனக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். அன்று இரவு வீட்டில் நான் பேசிய பெருமை கொஞ்ச நஞ்சமில்லை.

மறுநாள் காலையில் கம்பெனியிலிருந்து ஒரு மெயிலும் வெளியே போகவில்லை. யார் யாரோ அனுப்பிய ஆயிரக்கணக்கான மெயில்கள் எங்கள் சர்வரின் வரிசையில் நின்றன. ராத்திரியோடு ராத்திரியாக ஸ்பேம்காரர்கள் கதவு திறந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கள் ஐ.பி. கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டது.

அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ரூட் பாஸ்வேர்டு எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால், நான் சொல்லாவிட்டால் யார் மாற்றியது என்றே தெரிந்திருக்காது. பயிற்சிச் சான்றிதழ் போய்விடுமோ என்று பயந்தேன். அப்பா முகம் கண் முன்னால் வந்தது. கால் மணி நேரம் பாத்ரூம் பக்கம் நின்றுவிட்டு வந்து சொன்னேன். “அண்ணே, நான்தாண்ணே மாத்துனேன்.”

அவர் திட்டவில்லை. “பூட்டு திறக்கலைன்னா சரியான சாவியத் தேடணும். நீ கதவையே கழட்டி வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்ட” என்றார். பிறகு, “சர்வர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நீ அதுக்குப் பதில் சொல்லல. இனிமே யார்கிட்டயும் எதுவும் கேக்காதன்னு சொல்லிட்ட” என்றார். இந்த வாக்கியத்தை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

சரிசெய்த வரிசையையும் சொல்கிறேன். முதலில் நம்பிக்கைப் பட்டியலைப் பழையபடி ஆக்கினோம். இரண்டாவது, வரிசையில் நின்ற குப்பை மெயில்களை அழித்தோம். மூன்றாவது, எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றினோம். நான்காவதுதான், ஐ.பி.யை நீக்கச் சொல்லிக் கறுப்புப் பட்டியல் வைத்திருப்போருக்கு விண்ணப்பம். கதவை மூடாமல் முதலிலேயே விண்ணப்பித்தால் மறுபடி பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். கடைசியாக, நேற்றே சேர்த்திருக்க வேண்டிய அந்த ஒரு வரியைச் சேர்த்தோம். எல்லாம் சரியாக இரண்டரை நாள் ஆனது. கொட்டேஷனைப் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூர் பார்ட்டி கேட்ட விளக்கத்துக்கு எங்கள் பதில் மெயில் போய்ச் சேரவில்லை. ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போனது. விலையினாலா, பதில் போகாததாலா என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஒருவர் செய்வதற்கு எல்லோரும் அனுபவிப்பது பெரிய கம்பெனிக்கும் நடந்திருக்கிறது. நம் தமிழ்நாட்டின் ஜோஹோ நிறுவனத்தின் மெயில் சேவையைச் சிலர் மோசடி மெயில் அனுப்பப் பயன்படுத்தினார்கள் என்ற புகாரின் பேரில், 2018 செப்டம்பர் 24 அன்று டொமைன் பதிவு நிறுவனம் அதன் டொமைனையே நிறுத்தி வைத்தது. ஒரு பாவமும் அறியாத வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். அதன் அப்போதைய தலைவர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், கப்பலூரில் இருபது பேர் வேலை பார்க்கும் கம்பெனி எம்மாத்திரம்?

பிழை வந்தால் செய்ய வேண்டியவை

1. பிழைச் செய்தியை முழுதாக வாங்குங்கள். “போகலை” என்று மட்டும் சொன்னால் போதாது. எண், மணி, எந்த லாகின், எந்த அனுப்புநர் முகவரி, எந்தப் பெறுநர் என்று ஐந்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

2. மறுத்தது நம் சர்வரா, வெளி சர்வரா என்று லாக் கோப்பில் அந்த மணிக்கு நேராகப் பாருங்கள்.

3. நான்கு கேள்விகளில் எது என்று முடிவு செய்யுங்கள். முடிவு செய்யும் வரை எதையும் மாற்றாதீர்கள்.

4. மாற்றும் முன் பழைய கோப்பைப் பிரதி எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்.

5. தேவையான ஆளுக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள். ‘எல்லோருக்கும்’ என்று எழுதக் கை போனால் கையை எடுத்துவிடுங்கள்.

6. சரியான பின் எதிர்ச் சோதனையும் செய்யுங்கள். அக்காவால் அனுப்ப முடிகிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. அனுமதி இல்லாத இன்னொருவரால் அனுப்ப முடியவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அன்று 2.40க்கு இந்தச் சோதனையைச் செய்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

7. அவசரம் என்றால் மாற்று வழி தேடுங்கள். அக்கா தன் சொந்த முகவரியிலேயே அனுப்பிவிட்டுப் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று வேலை முடிந்திருக்கும். எனக்கும் அது தோன்றவில்லை.

முடிவுரை

முதலாளி என்னைக் கூப்பிட்டு, “நீயா வந்து சொன்னதால பயிற்சி தொடரட்டும். ஆனா ரூட் பாஸ்வேர்டு இனி உனக்குக் கிடையாது” என்றார். அண்ணன் அன்றே ஒவ்வொருவருக்கும் தனி லாகின் போட்டார். எனக்கு லாக் கோப்பைப் படிக்க மட்டும் அனுமதி.

வீட்டில் அம்மாவிடம், “என்னைய நம்ப மாட்டேங்கிறாங்கம்மா” என்று அழுதேன். அம்மா பூக்கட்டும் கையை நிறுத்தவில்லை. “எங்க மகளிர் குழுவுல பேங்குல பணம் எடுக்கணும்னா தலைவி ஒருத்தி கையெழுத்துப் போட்டா குடுக்க மாட்டாங்க. இன்னொருத்தியும் போடணும். அதுக்காகத் தலைவியத் திருடின்னா சொல்றோம்? நாளைக்கு ஒண்ணுன்னா அவ மேல பழி விழக் கூடாதுல்ல” என்றார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அம்மாவுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்தது, எனக்கு இரண்டரை நாள் ஆகிப் புரிந்தது.

மறுநாளிலிருந்து பயிற்சி முடியும் வரை காலையில் லாக் கோப்பைப் படித்து, மறுக்கப்பட்ட மெயில்களை எண் வாரியாக நோட்டில் எழுதி அண்ணனிடம் காட்டினேன். இக்கட்டுரை அந்த நோட்டிலிருந்து பிறந்ததுதான். ‘அனுமதி இல்லை’ என்று திரையில் வந்தால் நண்பர்களே, பயப்படவும் வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். அது என்ன கேட்கிறது என்று முதலில் முழுதாகப் படியுங்கள்.



– மூன்றாம் ஆண்டு மாணவி, கணினிப் பொறியியல் துறை